வரவிருப்பவையும் வராதவர்களும்

ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். சென்னையில் வரும் இரண்டு மாதங்களில் பார்க்கவேண்டிய ஓவியக் கண்காட்சிகள், எந்தக் கூடம், எந்தத் தேதி, எத்தனை மணிவரை. இந்தக் காரியத்தைத் தினசரிகள் செய்கின்றன. கூடங்களே தங்களுக்காகச் செய்துகொள்கின்றன. பட்டியல் கிடைக்காததால்தான் நம் எழுத்தாளர்கள் கண்காட்சிக்குப் போவதில்லை என்று நினைப்பது, ரயில் அட்டவணை கிடைக்காததால்தான் காசிக்குப் போகவில்லை என்று ஒருவர் சொல்வதை நம்புவதற்குச் சமம். ஆகவே பட்டியல் தரப்போவதில்லை.

சென்ற ஆண்டு ஓர் இரண்டாம் சனிக்கிழமை, மதியம், ஒரு கூடத்துக்குப் போனேன். திறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள். உள்ளே இருட்டு. என் காலடி கேட்ட பிறகே காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். மூலையில் ஓவியர் டப்பாவைத் திறந்து புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு வாரத்துக்குக் கூட வாடகை, சட்டம் போட்ட செலவு, லாரிச் செலவு எல்லாம் கடன்.

"சார், நீங்க வாங்குறவரா, எழுதுறவரா?" என்று கேட்டார்.

எழுதுகிறவன் என்றேன். கேட்லாக்கை நீட்டினார். வழவழப்பான தாள், இரண்டு பக்க முன்னுரை, முழுக்க ஆங்கிலம். "என்னைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. என்ன எழுதியிருக்குன்னு எனக்கே சரியாப் புரியல. நீங்க சொல்லுங்களேன்." கல்லூரியில் படித்த ஆங்கில இலக்கியத்தை நம்பித் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ஆங்கிலம் கடினமாக இருந்ததல்ல காரணம். அதில் ஒன்றுமே இல்லை. அடையாளம், நினைவு, வெளி என்று எந்த ஓவியருக்கும் பொருந்தும் சொற்கள். எதிரே சுவரில் அவர் மஞ்சளை வெளிச்சமாக இல்லாமல் பாரமாகப் பூசியிருந்தார். படத்தின் இடது மூலையில் அது நெல்மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் தாங்க முடியாமல் மேலே இருந்த நீலம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்னுரையில் மஞ்சள் என்ற சொல்லே கிடையாது.

வருகையாளர் நோட்டைப் புரட்டினேன். திறப்பு விழாவுக்கு நமக்குத் தெரிந்த ஒரு கவிஞர் வந்திருக்கிறார். ஒரு வரியில் 'உம்' விகுதி வரலாமா கூடாதா என்று எட்டுப் பக்கத்துக்கு வாதாடக்கூடியவர். நோட்டில் எழுதியிருந்தது: "அருமை. வாழ்த்துகள்."

இது ஒருவருடைய சோம்பல் என்று விட்டுவிடலாம். ஆனால் இது நம் சிறுபத்திரிகை மரபின் சோம்பல். 1970-ல் 'கசடதபற' வந்தபோது ஓவியர்கள் நம்மோடு இருந்தார்கள். ஆதிமூலமும் பாஸ்கரனும் தட்சிணாமூர்த்தியும் கோடுகளைக் கொடுத்தார்கள், நாம் அச்சிட்டுக்கொண்டோம். அதற்குப் பிரதியாக நாம் என்ன கொடுத்தோம்? காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களையும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட படங்களையும் கொண்டாடாதவர் இல்லை. அதே ஆதிமூலம் பின்னாளில் உருவங்களை விட்டுவிட்டு, பெரிய திரைகளில் வண்ணத்தை மட்டுமே வைத்து வேலை செய்தபோது, நம்மில் எத்தனை பேர் அவர் பின்னால் போனோம்? 2008-ல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் நான் படித்தவரையில் கோடுதான் மறுபடி மறுபடி வந்தது. கோட்டில் ஒரு முகம் இருக்கிறது, முகத்தில் ஒரு கதை இருக்கிறது. நமக்குக் கதை வேண்டும். வண்ணத்துக்கு முன்னால் போய் நின்றால் நம் கையில் ஒன்றுமில்லை. நாம் நேசித்தது ஓவியத்தை அல்ல, நம் எழுத்துக்குத் துணைக்கு வந்த படத்தை.

இதற்கு நல்ல பரீட்சை கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. 1963-ல் ஆரம்பித்தது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். ஜாதகக் கட்டம், எண்கள், எழுத்து மாதிரி இருந்து எழுத்தாகாமல் போகும் கிறுக்கல்கள். ஓர் எழுத்தாள நண்பரை அதன் முன்னால் நிறுத்தினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, "இது மலையாளமா?" என்றார். வாசிக்கப் பார்த்தார்! பணிக்கர் செய்தது நேர்மாறான காரியம். எழுத்திலிருந்து அர்த்தத்தை உருவிவிட்டு, பக்கம் என்ற வடிவத்தை மட்டும் மீதம் வைத்தார். நாள் முழுக்க எண்களையே பார்க்கிற எனக்கு, அவற்றைக் கூட்ட வேண்டியதில்லை என்ற விடுதலை அங்கேதான் கிடைத்தது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிப்பே பார்வைக்குக் குறுக்கே நிற்கிறது என்பதை நம் விமர்சகர்கள் விவாதித்திருக்க வேண்டாமா?

எல்லோரையும் ஒரே தராசில் போடுகிறேன் என்று பதில் வரும். வரட்டும். தேனுகா எழுதினார், இந்திரன் எழுதினார், சி. மோகன் எழுதினார். நம் கலைகள் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் வாழ்கின்றன என்று வெங்கட் சாமிநாதன் ஆயுள் முழுக்கக் கத்தினார். இவர்களை நாம் மரியாதையோடு படித்தோம், படித்துவிட்டு வீட்டிலேயே இருந்தோம். சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973-ல் தற்கொலை செய்துகொண்ட ராமானுஜத்தை மனதில் வைத்து மோகன் எழுதிய நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களிடம், தொப்பி வைத்த அந்த மனிதன் மாளிகைகளுக்குள் அலைகிற மசி ஓவியம் ஒன்றையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், பேச்சு மாறிவிடுகிறது.

கொச்சியில் 2012-ல் பினாலே தொடங்கியதிலிருந்து ரயிலேறிப் போய்ப் பரவசத்தோடு திரும்புகிறவர்களையும் அறிவேன். போகட்டும், நல்லதுதான். 1966-ல் ஓவியர்கள் கைவினைப் பொருட்களை விற்று இடம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. மெட்ராஸ் ஓவியர்களுக்கென்று 2009-ல் அங்கே ஒரு கூடமும் திறந்தார்கள். திருவான்மியூரிலிருந்து பஸ் உண்டு. உள்ளூர் பஸ்ஸில் போனால் பரவசம் வராதோ என்னவோ.

கூடங்களும் யோக்கியமில்லை. தமிழில் ஒரு துண்டுச்சீட்டு அடிக்க மாட்டார்கள். ஆபீஸ் விட்டு நாம் போய்ச் சேரும்போது பல இடங்களில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் சண்டை போட்டுக் கேட்கவேண்டியதுதான். ஆனால் அங்கே போகிறவனுக்குத்தானே சண்டை போட உரிமை?

வரவிருக்கும் கண்காட்சி என்பது திறப்பு விழா அன்றோடு செத்துப்போகிற செய்தி. பார்த்துவிட்டு வந்தவன் எழுதுவதுதான் நம்மிடம் இல்லாதது. அதனால் பட்டியலுக்குப் பதிலாக அடுத்த இதழில் எனக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கும்பகோணத்து இளைஞரின் கண்காட்சியைப் பற்றி எழுதவேண்டும். அது முடிந்து மாதங்களாகிவிட்டன. எத்தனை படம் விற்றது என்று போனில் கேட்டேன். இரண்டு சின்னது என்றார். மஞ்சள் படம் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை போய் இறக்கிவைத்துப் பார்க்கப்போகிறேன்.