முழுத்திரைக்கும் ஒரு வாசல் வேண்டும்

விஞ்ஞானம் வளர வளர அதன் நிழலும் வளர்கிறது என்பர். சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அப்பாவுடன் ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சென்ற அன்று அதனை நேரில் கண்டேன்.

எங்கோ ஓரிடத்தில் சொடுக்கினேன். மறுகணம் திரை முழுவதும் அரசு முத்திரை! கணிப்பொறி பூட்டப்பட்டதாம், அபராதம் கட்ட வேண்டுமாம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துச் சொன்னதும் அப்பாவின் முகம் வெளிறியது. “மக்கா, ரூவாயைக் கெட்டிருவோம். போலீசு வம்பு நமக்கு வேண்டாம்டே” என்றார். பரிசோதனைக் கூடத்தில் பழகிய நினைவில் எஸ்கேப் விசையை அழுத்தினேன். மிரட்டல் சுருங்கிற்று. மேலே முகவரிக் கோடு தெரிந்தது. அதில் அரசின் பெயரே இல்லை!

அந்த முகவரிக் கோடு ஒன்றுதான் வலைப்பக்கம் தன் விருப்பம்போல் மாற்றி எழுத இயலாத இடம். முழுத்திரையில் அதுவும் மறைந்துவிடுகிறது. அவ்விடத்தில் பொய்யான கோட்டையே வரைந்து காட்டலாம். 2012 அக்டோபரில் ஃபெராஸ் அபூக்கதீஜே என்ற மென்பொருளாளர், போலி வங்கிப் பக்கம் ஒன்றைக் கொண்டு இதனைச் செய்து காட்டி எச்சரித்தார்.

அப்படியாயின் முழுத்திரையை ஒழித்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. பாடக் காட்சிகளுக்கும், வரைபடங்களுக்கும், கணிப்பொறித் தேர்வுகளுக்கும் அது தேவை. பயனாளர் சொடுக்காமல் திரை விரியக் கூடாது, வெளியேறும் வழியை அறிவிக்க வேண்டும் என்ற விதிகள் உலாவிகளில் உள்ளன. ஆனால் அந்த அறிவிப்பு சில நொடிகளில் மறைகிறது. நம் ஊர்க் கணிப்பொறிகள் பலவற்றில் அது ஆங்கிலத்தில் வருகிறது. என் தந்தையைப் போன்றோருக்கு அதனால் என்ன பயன்?

2006இல் முழுத்திரை வசதியைத் தந்த ஃபிளாஷ், அந்நிலையில் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய விடவில்லை. 2012இல்தான் பயனாளர் இசைந்தால் எழுதலாம் என்று தளர்த்தியது. அந்தத் தனி அனுமதி எல்லா உலாவிகளிலும் வேண்டும். எச்சரிக்கை தமிழில் வர வேண்டும்; நாம் “அறிந்தேன்” என்று சொல்லும்வரை நிற்கவும் வேண்டும். வசதி சற்றுக் குறைந்தால் குறையட்டும். ஓர் ஏழையின் வாரக் கூலி தப்பும் அல்லவா?

அதுவரை நண்பர்களே, வீட்டிலுள்ள பெரியோருக்கு நாமே சொல்லிக் கொடுப்போம். மிரட்டும் திரை வந்தால் எஸ்கேப். மசியாவிட்டால் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கள் மயிலாடியில் சிலைக்குக் கல் எடுப்போர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. தட்டி, ஓசை கேட்டே தேர்வர். அப்பாவும் அப்படித்தான். இப்போது கணிப்பொறி முன் அமர்ந்தாலும் முதலில் அந்த விசையைத் தட்டிப் பார்க்கிறார்!