மலைப்பாதையும் பழைய ஜீப்பும்

விழா மலரிலே தமிழாசிரியன் எழுதப் புகுந்தால் சங்கப் பாடலைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோதான் எழுதுவான் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நாம் இம்முறை எழுத எடுத்துக்கொண்டது மோட்டார் வண்டியின் பின்னச்சிலுள்ள ஒரு பற்சில்லுப் பெட்டியை. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற மாரிக்காலத்தில், முன்னர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஹுன்னஸ்கிரியவிலிருந்து எம் இல்லம் தேடி வந்தார். பழைய லாண்ட் றோவர் வண்டி ஒன்றே அவருடைய சீவனோபாயம். தோட்டத்து லயங்களிலிருந்து நோயாளரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றி வருவார்; விடுமுறை நாட்களில் லூல்வத்தை வழியாக மீமுரேக்குப் பிரயாணிகளைக் கொண்டுசெல்வார். எம்மிடமும் பழைய ஜீப் ஒன்று நெடுங்காலமாக இருப்பதை அவர் அறிவார். "சேர், மழை பெய்தால் ஒரு பக்கச் சில்லு சும்மா சுற்றுது, வண்டி அசையாது. டிபரன்ஷியலை வெல்ட் பண்ணிவிட்டால் சரி, செலவும் குறைவு என்று கராஜிலே சொல்கிறார்கள். செய்யலாமா?" என்று கேட்டார்.

செய்யலாகாது என்பதே அன்று நாம் சொன்ன விடை. அதன் காரணத்தை ஆற அமர எழுதிவைத்தால் வேறு சிலருக்கும் பயன்படும் என்று கருதுகிறோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தடைப்பட்டுக் கிடந்தமையால், பழைய வண்டியைப் பேணி ஓட்டுவோர் நம்மிடையே பலராயினர். அவர்களுக்குச் செலவு பெரிய கேள்வி.

வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிட அதிக தூரம் உருளவேண்டும். ஒரே அச்சிலுள்ள இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதே டிபரன்ஷியலின் தொழில். பிரான்ஸ் தேசத்து ஒனெசிஃபோர் பெக்கர் 1828இல் நீராவி வண்டிக்காக இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இதன் குறையும் இதன் குணத்திலேயே அடங்கியுள்ளது. சாதாரண டிபரன்ஷியல் இரு சில்லுகளுக்கும் எப்போதும் சமமான திருப்பு விசையையே கொடுக்கும். ஒரு சில்லு சேற்றிலே வழுக்கினால் அதனைச் சுற்றச் சிறிது விசையே போதும். கற்றரையில் உறுதியாக நிற்கும் மற்றச் சில்லுக்கும் அச்சிறிய விசையே கிடைக்கும். ஆகவே வண்டி நின்றுவிடுகிறது. வெல்ட் செய்தால் இரு சில்லுகளும் ஒன்றாகவே சுழலும், சேற்றைக் கடக்கலாம். கராஜ்காரர் சொன்னதில் இம்மட்டும் உண்மை.

ஆனால் வண்டி சேற்றில் மாத்திரம் ஓடுவதில்லையே! கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு ஹுன்னஸ்கிரியவைக் கடந்து, மடுகொடைக்கு அப்பால் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற வளைவுகளில் இறங்குகிறது. பழைய லாண்ட் றோவரின் இரு பின்சில்லுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.3 மீற்றர் அகலம். ஒரு வளைவை முழு அரைவட்டமாகக் கொண்டால், வெளிச்சில்லு உட்சில்லைவிட 4 மீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடவேண்டும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இக்கணக்கு மாறாது. பதினெட்டு வளைவு என்று கொண்டு கூட்டினால் எழுபது மீற்றருக்கு மேல். வெல்ட் செய்த வண்டியில் இவ்வளவும் ரயர் தெருவிலே தேய்ந்துதான் தீரவேண்டும். ரயர் தேய்வதோடு அச்சுத் தண்டும் முறுகும். வண்டியோ திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ஈரத் தாரில் சாதாரண டிபரன்ஷியலின் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது வண்டியின் பின்புறத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒருங்கே வழுக்கும். பின்புறம் பள்ளத்துப் பக்கம் சரியும். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைக்கவேண்டும்.

அமெரிக்காவிலே 1964இல் வெளிவந்த பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. போன்ற வலிய பழைய கார்களை வைத்திருப்போர் இவ்வாறு அச்சை இறுகப் பூட்டுவதுண்டே என்று கேட்கலாம். கால் மைல் தூரம் நேர்கோட்டில் ஓடும் பந்தயத்திற்கு அது பொருந்தும். நம் மலைப்பாதையில் கால் மைல் நேர்கோடு எங்கே இருக்கிறது?

அப்படியாயின் எதைத் தெரிவது? மூவகை உள. முதலாவது, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். உராய்வுத் தட்டுக்களைக் கொண்ட இவ்வகை 1956இல் அமெரிக்க பக்கார்ட் காரில் வந்தது. பின்னர் ஜப்பானிய ஜீப்புகள் பலவற்றிலும் இடம்பெற்றது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகமாகத் தேடலாம். ஆனால் தட்டுக்கள் தேய்பவை; அவற்றுக்கென உள்ள எண்ணெயையே ஊற்றவேண்டும். வாங்குமுன், இயன்றால் வண்டியிலேயே, கியரை நடுநிலையில் வைத்து, நிலத்திலுள்ள சில்லுகளுக்கு அணை கொடுத்து, ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்திக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். எளிதாகச் சுற்றினால் தட்டு தேய்ந்துவிட்டது என்று அறிக.

இரண்டாவது, தானாகப் பூட்டும் வகை. பழைய பெட்டியின் உள்ளேயுள்ள சிறு பற்சில்லுகளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இதனை வைக்கலாம். பெரிய பற்சில்லின் இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டாமையால் கூலி குறையும். பூட்டுக்களுள் விலை குறைந்ததும் இதுவே. ஆயினும் வளைவில் விசை கொடுத்தால் பூட்டிக்கொள்ளும், விட்டால் அவிழும். அப்போது சத்தமும் உதறலும் உண்டு. குட்டை வண்டிகளில் இது மிகுதி. சாரதி கால் பதறாமல் ஓட்டப் பழகவேண்டும்.

மூன்றாவது, சாரதி வேண்டும்போது மாத்திரம் பூட்டும் வகை. உழவு இயந்திரத்தில் மிதியை மிதித்துப் பூட்டுவதை வயற்காரர் அறிவர். ஜீப்புக்குக் காற்றழுத்தத்தாலோ மின்னாலோ இயங்குவன உள. தெருவில் சாதாரண டிபரன்ஷியல். சேற்றில் முழுப் பூட்டு. குணத்தில் இதுவே தலையாயது, விலையிலும் அப்படியே.

எம் கருத்து இது. பிறரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அவிழாத பூட்டு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பணம் சேரும்வரை காத்திருந்து மூன்றாவது வகையைப் பூட்டுவது நன்று. அது எட்டாதெனில் இரண்டாவது வகையைப் பின்னச்சுக்கு மாத்திரம் பூட்டலாம். ஆனால் அதற்கு முன் பின் அச்சுத் தண்டுகளைச் சோதிப்பிக்கவேண்டும். பழைய லாண்ட் றோவரின் தண்டுகள் பலங்குறைந்தவை. பூட்டியபின் முழு விசையும் ஒரே தண்டில் விழக்கூடும். காப்புறுதியாளருக்கும் எழுத்தில் அறிவித்தல் நன்று.

அதுவரைக்கும் செலவில்லாத உபாயங்கள் இல்லாமற் போகவில்லை. நான்கு சில்லு விசை ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். ஆழ்ந்த பள்ளமுள்ள நல்ல ரயர் போடுங்கள். சேற்றில் காற்றைச் சிறிது குறைத்து, தெருவேறுமுன் நிரப்புங்கள். சில்லு வழுக்கும்போது கால் பிரேக்கை மெல்ல மிதித்தபடி விசை கொடுத்தால் நிற்கும் சில்லுக்கும் விசை கூடும். பழைய லாண்ட் றோவரில் கைப் பிரேக் இதற்கு உதவாது. அது சில்லைப் பிடியாமல் டிபரன்ஷியலுக்கு முன்னுள்ள தண்டையே பிடிக்கிறது. அதே காரணத்தால், ஒரு பின்சில்லை ஜாக்கி கொண்டு உயர்த்தும்போது கைப் பிரேக்கை நம்பலாகாது. மற்றச் சில்லுகளுக்குக் கல் அணை கொடுக்காவிடில் வண்டி உருண்டுவிடும்.

எம் மாணவர் வெல்ட் செய்யவில்லை. இரண்டு புதிய ரயர்கள் வாங்கினார். மிகுதிக்குச் சீட்டுக் கட்டி வருகிறார். கராஜ் நடத்தும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலிவாகச் செய்து தருகிறோம் என்று சொல்லும்போது, அந்த வேலை வளைவிலே என்ன செய்யும் என்பதையும் வந்தவருக்கு விளங்கும் தமிழிலே சொல்லுங்கள். வந்தவர் கூலியை மட்டுமே கேட்பார். மற்றதை நீங்களே எடுத்துச் சொல்லவேண்டும்.