சோளிங்கர் மலையடியில் சர்க்காரின் கடமை

கடிகாசலம் எனப்படும் சோளிங்கரின் மகிமையை நம் நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெரிய மலையில் 1,305 படிகளுக்கு மேல் யோக நரசிம்மரும், சிறிய மலையில் 406 படிகளுக்கு மேல் யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியிருக்கின்றனர். ஒரு கடிகை, அதாவது 24 நிமிஷம், அங்கே தங்கினாலே போதும் என்பது ஆன்றோர் நம்பிக்கை. சித்தம் கலங்கியவர்களை அவர்களுடைய உற்றார் நெடுந்தூரத்திலிருந்து அழைத்து வந்து, தீர்த்தத்தில் நீராட்டி, மலையேற்றி வேண்டிக்கொள்வது தொன்றுதொட்டு நடந்துவரும் வழக்கம். 2024-ஆம் வருஷத்தில் பெரிய மலைக்குக் கம்பிவட ஊர்தியும் வந்துவிட்டது. மலையேறும் சிரமம் குறைந்தது. சித்தம் கலங்கிய மகனைக் கையைப் பிடித்து அழைத்து வரும் தாயின் மனப்பாரம் குறைந்ததா என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

பக்தியைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 மனோவியாதியஸ்தர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள், நோயின் குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் தணிந்திருக்கக் கண்டு, அதை 2002-இல் வெளியிட்டனர். அடியும் மிரட்டலும் இல்லாத இடத்தில், உற்றார் அருகிருக்க, அன்பாக நடத்தப்பட்டதே காரணமென்று அவர்கள் கருதினர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் பாகாயத்திலுள்ள தங்கள் மனநல நிலையத்தில் 1950-களிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை செய்து வந்திருக்கின்றனர். ஆகவே, உற்றார் துணையின் பெருமையைக் கோயிலும் அறியும், ஆஸ்பத்திரியும் அறியும்.

ஆனால் நம்பிக்கை ஒன்றையே துணையாக விட்டுவிட்டுச் சர்க்கார் விலகி நின்றால் என்ன நேரும் என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி வெந்து மாண்டனர். இறந்தவர் 28 பேர். இது எந்த மதத்தின் குற்றமுமன்று. இத்தகைய விடுதிகள் லைசென்ஸ் பெறவேண்டுமென்று விதித்த 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், 1993 முதல் அமுலில் இருந்தது. சட்டம் இருந்தது, அதைக் கொண்டு செலுத்தும் கை இல்லை. உயிர்கள் போன பிறகு சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ராஜ்யமும் கணக்கெடுக்க வேண்டுமென்று உத்தரவாயிற்று. மனோவியாதியஸ்தரை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று வெளிப்படையாக விதித்த சட்டம் 2017-இல்தான் பிறந்தது. அது அமுலுக்கு வந்தது 2018-இல்.

பொதுஜனக் கொள்கை நம் தேசத்தில் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. நமது தோல் ஜில்லாக்களின் கதையும் இதுவே. பாலாற்றுப் பாசனம் கெட்டு, கிணற்று நீர் கெட்ட பின்னரே, வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடு செய்யவேண்டுமென்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2015-இல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மடிந்தனர். தீர்ப்பு வேறு, நிர்வாகம் வேறு என்பதற்கு இதனினும் சாட்சியம் வேண்டுமோ?

ஆரோக்கியக் கொள்கை என்பது என்ன? அச்சிட்ட அறிக்கையன்று. நோயுற்றோர் யார், எத்தனை பேர்? அவர்களுக்குச் செய்யவேண்டுவது யாது? செலவை யார் ஏற்பது? செய்தார்களா என்று பார்ப்பவர் யார்? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி, விடைக்கு நேரே பணமும் ஆளும் வைப்பதே கொள்கை. சர்க்காரின் ஆரோக்கியச் செலவு 2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக வேண்டுமென்று 2017-ஆம் வருஷத்துத் தேசியக் கொள்கை கூறிற்று. 2021-22-ஆம் வருஷத்துக் கணக்கில் அது 1.84 சதவீதமே. கடைசி இரண்டு கேள்விகளைத் தட்டிக்கழித்தால் முதல் இரண்டின் விடைகள் வெறும் அலங்காரமாகவே நிற்கும்.

வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. ஒரு காலத்தில் காலரா வந்தால் தெய்வக் குற்றம் என்றனர். திருவிழாக் கூட்டமே அந்நோய்க்கு விதைநிலமாக இருந்தது. அன்றைய சுகாதார அதிகாரிகள் தெய்வத்தோடு வாதம் செய்யவில்லை, தேரை நிறுத்தவுமில்லை. குடிநீரைச் சுத்தம் செய்தனர், தடுப்பூசி போட்டனர். 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் வகுத்தனர். ஜனங்களும் தெய்வத்தை வணங்கினர், ஊசியையும் ஏற்றனர். வயிற்று நோய்க்கு உகந்த அந்த நியாயம் மனோவியாதிக்கு மட்டும் உகவாதோ?

ஆகையால் நாம் வேண்டுவது இது. ஜில்லா மனநலத் திட்டத்தின் வைத்தியர், கூட்டம் மிகும் நாட்களில், விசேஷமாகக் கார்த்திகை மாசத்தில், மலையடியில் அமரவேண்டும். மருந்து இலவசமாகக் கிடைக்கவேண்டும். ஊர் திரும்பியபின் அதே மருந்து அவரவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும்படி சீட்டு எழுதித் தரவேண்டும். அர்ச்சகர்களையும், சத்திரக்காரர்களையும், கடைக்காரர்களையும் அழைத்துப் பேசி, சிகிச்சை வேண்டியவரைப் பக்குவமாக அனுப்பும்படி பழக்கவேண்டும். கட்டிவைக்கும் விடுதி எங்கும் முளைக்காதபடி கண்காணிக்கவேண்டும். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் தொடர்ந்து மருந்துண்டனர் என்ற கணக்கை வருஷந்தோறும் பிரசுரிக்கவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பார்க்கு ஒரு வார்த்தை. 2015-16-ஆம் வருஷத்துத் தேசிய மனநல ஆய்வின்படி நம் வயதுவந்தோரில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை காணாதவர். அவர்களுடைய கூலியிழப்பும், அவர்களைக் காக்கும் தாய்மாரின் கண்ணீரும் யார் கணக்கிலும் ஏறாத செலவன்றோ?

பொதுச் சுகாதாரம் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு என்று அரசியல் சாசனம் வகுத்திருக்கிறது. ஆனால் ஜனங்கள் கேளாததைச் சர்க்கார் தானே வந்து கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. சோளிங்கர் நகரசபை அங்கத்தினரும், சட்டசபைப் பிரதிநிதியும், ஊர் ஊழியர்களும் இவ்விஷயத்தை மானியக் கோரிக்கைக் காலத்துக்கு முன்பே எழுப்பவேண்டும். இன்னொரு ஏர்வாடிக்குப் பிறகு விசாரணைக் கமிஷன் கேட்பதைவிட, இன்றே மலையடியில் ஒரு வைத்தியரைக் கேட்பது மேல். பக்தர் மலைமீது ஒரு கடிகை தங்கட்டும்; வைத்தியரிடமும் ஒரு கடிகை தங்குவதற்கு இடம் செய்து வைப்பது சர்க்காரின் கடமை.