கைமுக்கும் கட்டைவிரலும்

போன மாதம் சுசீந்திரம் போயிருந்தேன். அத்தை வீட்டுத் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று ஒரு நிமிடம் குழம்பிப் போனேன். வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. முனையில் நின்ற வேப்பமரத்தைக் காணோம். நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அங்கே நின்ற மரம். அதன் நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்காவையும் காணோம்.

‘‘யாரு வெட்டினது?’’ என்று அத்தையிடம் கேட்டேன்.

அத்தை பதில் சொல்லாமல் மேஜை மேலிருந்த செல்போனைக் காட்டினார். மஸ்கட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது.

‘‘இதுதான் மக்கா வெட்டிச்சு.’’

விஷயம் இதுதான். தெருக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் ஓர் இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு வாக்கெடுப்பு வந்தது. ‘முனையில் இருக்கும் மரம் கார் திருப்புவதற்கு இடைஞ்சலாக உள்ளது. அகற்றலாமா?’ ஆம், இல்லை என்று இரண்டே வட்டங்கள். குரூப்பில் 112 பேர். காலைக்குள் ஓட்டுப் போட்டவர்கள் 38 பேர். ‘ஆம்’ என்றவர்கள் 31. ஞாயிற்றுக்கிழமை மரம் விழுந்துவிட்டது. பொது வழியில் நிற்கும் மரமாயிற்றே, அனுமதி வாங்கினீர்களா என்று நான் ஒருவரிடம் கேட்டேன். ‘‘அதான் குரூப்புல ஓட்டெடுத்தாச்சே!’’ என்றார்.

அந்த 31 பேரில் அத்தையும் ஒருவர்.

‘‘சும்மா சும்மா வந்து மேல நிக்கும் மக்கா. இட்லி வேணுமா தோசை வேணுமான்னு ஒண்ணு. டூருக்கு மூணாறா கொடைக்கானலான்னு ஒண்ணு. அமுக்கினாப் போயிரும்னு நெனச்சு மேல இருக்கத அமுக்குவேன். அன்னைக்கும் அமுக்கினேன். மரத்த வெட்டச் சம்மதம்னு நான் எங்க சொன்னேன்?’’

ஜனநாயகம் பற்றிப் புத்தகம் எழுதுகிற அத்தனை பேரும் அத்தையின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு எழுதட்டும்.

இது வாட்ஸ்அப்போடு வந்த வியாதி அல்ல. 2003-ல் ‘செகண்ட் லைஃப்’ என்று ஓர் இணைய உலகம் ஆரம்பித்தது. அங்கே நமக்கென்று ஒரு பொம்மை உருவம். அது நடக்கும், பறக்கும், நிலம் வாங்கும், குழுக்களில் சேரும். அந்தக் குழுக்களில் தீர்மானம் கொண்டுவந்து ஓட்டெடுக்கவும் வசதி செய்திருந்தார்கள். விளைவு? நிம்மதியாகக் கற்பனைக் கடற்கரையில் உலாவலாம் என்று உள்ளே நுழைந்தால், எப்போதோ சேர்ந்து மறந்துபோன குழு ஒன்று ‘ஓட்டுப் போடு’ என்று முகத்துக்கு முன்னால் பலகையை நீட்டும்.  தப்பித்துப் போன உலகத்திலும் தேர்தல்!

அது விளையாட்டு. ஆனால் இதே தந்திரத்தை இந்திய அரசின் ஓர் ஆணையத்தின் மீதே பிரயோகித்துப் பார்த்தார்கள். ஞாபகம் இருக்கிறதா?

2015 டிசம்பர். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ தருகிற திட்டங்களை அனுமதிக்கலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ அப்படிப்பட்ட திட்டம்தான். ஃபேஸ்புக் என்ன செய்தது? தன் பயனாளிகள் முகத்துக்கு முன்னால் ஒரு பலகையை நீட்டியது. ‘ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள்’ என்றது. கடிதமும் தயார். ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் பெயரில் டிராய்க்குப் போய்விடும். உங்கள் நண்பர் அனுப்பிவிட்டார், நீங்கள் இன்னும் அனுப்பவில்லையா என்கிற தூண்டுதல் வேறு.

டிராய்க்கு வந்து சேர்ந்த 24 லட்சம் கருத்துகளில் ஏறத்தாழ 19 லட்சம், ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்து ஒரே அச்சில் வார்த்தவை. டிராய் கேட்டிருந்தது நான்கு கேள்விகள். இந்தக் கடிதங்கள் அந்த நான்குக்கும் பதில் சொல்லவில்லை. ஏழைக்கு இன்டர்நெட் நல்லது என்று மட்டும் சொல்லின. அதை யார் மறுத்தார்கள்? கருத்துக் கேட்கும் முறையை வெறும் தலை எண்ணும் வேலையாக மாற்றுகிறீர்களா என்று டிராய் கடுமையாகவே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8-ம் தேதி அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணங்களுக்குத் தடை போட்டது. சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டியது.

எதிர்த்தரப்பும் லட்சக்கணக்கில் அச்சுக் கடிதம்தானே அனுப்பியது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் அதற்காக ஓர் இணையதளத்தைத் தேடிப் போய், கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக அனுப்பினார்கள். பந்தலைத் தேடி வந்து கையெழுத்துப் போடுவதும், பஸ்ஸில் தூங்குகிறவன் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பதும் ஒன்றா?

இந்தக் கம்பெனி சொந்த வீட்டில் ஓட்டை எப்படி நடத்தியது என்பது இன்னும் சுவாரஸ்யம். 2009-ல் விதிமுறைகளை மாற்றிப் பெரிய எதிர்ப்பு வந்ததும், ‘இனி நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம்’ என்று ஃபேஸ்புக் அறிவித்தது. ஒரே ஒரு நிபந்தனை. பயனாளிகளில் 30 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டால்தான் செல்லும். 2012 டிசம்பரில் கடைசி ஓட்டெடுப்பு. ஓட்டுரிமையையே ரத்து செய்வதும் அதில் ஓர் அம்சம்! சுமார் 6 லட்சத்து 69 ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் 88 சதவிகிதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். ஆனால் மொத்தப் பயனாளிகள் 100 கோடி. செல்லுபடியாக வேண்டுமானால் 30 கோடிப் பேர் வேண்டும். ஆகவே ஓட்டு செல்லாது, ஓட்டுரிமையும் ரத்து. தனக்கு வேண்டாத ஓட்டுக்கு 30 கோடி. தனக்கு வேண்டிய ஓட்டுக்கு ஒரு பொத்தான்.

நான் பி.காம். படித்தவன். கம்பெனி சட்டம் படித்த காலத்தில் தூக்கம்தான் வந்தது. இப்போது அதன் அருமை தெரிகிறது. ஒரு கம்பெனி பொதுக்கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமானால் பொதுவாக 21 முழு நாட்கள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். என்ன தீர்மானம் என்பதை அதிலேயே சொல்ல வேண்டும். 5,000-க்கு மேல் உறுப்பினர்கள் உள்ள பப்ளிக் கம்பெனி என்றால் குறைந்தது 30 பேராவது நேரில் வந்திருக்க வேண்டும். பங்குதாரரின் பத்து ரூபாய்ப் பங்குக்கே சட்டம் இவ்வளவு மரியாதை தருகிறது. எங்கள் வேப்பமரத்துக்குக் கிடைத்தது ஒரு ராத்திரி.

‘‘ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டு அப்புறம் குறை சொன்னால் எப்படி சார்?’’ என்று அதே தெருக்காரர் என்னை மடக்கினார். குரூப்பில் நானும் இருந்தேன். அங்கே எங்களுக்குப் பூர்விக வீடு இருப்பதால், என்னைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள். நான் சத்தத்தை அணைத்துப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஓட்டுப் போடாத 74 பேரில் நானும் ஒருவன். அந்த அளவில் மரத்தின் மீது விழுந்த கோடரியில் எனக்கும் பங்கு உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், நான் ஓட்டுப் போட்டிருந்தால் மட்டும் அது நியாயமாகியிருக்குமா? ‘இல்லை’ என்று 80 பேர் அமுக்கி மரம் பிழைத்திருக்கலாம். சந்தோஷம்தான். ஆனாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரத்தை அந்த 112 பேருக்கு யார் கொடுத்தது? மரத்தை நம்பிப் பிழைத்தது இஸ்திரிக்கார அக்கா. அவரிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பில் அவர் இல்லை. வாக்காளர் பட்டியலில் பாதிக்கப்படுகிறவர் பெயரே கிடையாது. கார் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு, நிழல் தேவைப்பட்டவருக்கு நோட்டீஸ்கூட இல்லை.

சுசீந்திரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1926-ல் இதே ஊரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடப்பதற்கு உரிமை கேட்டு சத்தியாகிரகம் நடந்தது. அன்றைக்கு அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களிடம் ‘விடலாமா, வேண்டாமா?’ என்று ஓட்டெடுத்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ம் தேதி. தெருவாசிகளிடம் தலை எண்ணியா அது வந்தது? சில உரிமைகள் கட்டைவிரல் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை. அதனால்தான் நாம் அவற்றை உரிமை என்கிறோம்.

இதே சுசீந்திரத்தில் அதற்கும் முன்னால் வேறொரு தீர்ப்பு முறை இருந்தது. கைமுக்கு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கட்டுப் போட்டு, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நின்றது. நெய் கொதித்தால் கை வேகும் என்பது அன்றும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ‘தீர்ப்பு கிடைத்துவிட்டது’ என்று ஊர் நிம்மதியடைந்தது. விசாரிக்கிற சிரமம் மிச்சம். இன்றைய விரலழுத்தும் அதே சௌகரியத்தைத்தான் தருகிறது. பேச வேண்டாம், எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டாம், அந்த அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். 31-க்கு 7. தீர்ப்பு கிடைத்துவிட்டது.

சரி, என்னதான் செய்வது?

இட்லியா தோசையா ரகத்துக்கு வழி சுலபம். வாட்ஸ்அப்பில் உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று நீங்களே கட்டுப்படுத்தும் வசதி 2019-லேயே வந்துவிட்டது. அமைப்புகளில் பிரைவசிக்குள் போய், குரூப் என்கிற இடத்தில் ‘எல்லோரும்’ என்பதை மாற்றி வையுங்கள். வெளியேற நினைத்தால், 2022 முதல் குரூப் அட்மின்களுக்கு மட்டுமே அது அறிவிக்கப்படுகிறது. ஊர் முழுக்கத் தண்டோரா போடாது. ‘என்ன நினைப்பார்களோ’ என்கிற கவலை வேண்டாம். முக்கியமாக, போய்த் தொலையட்டும் என்று எதையும் அமுக்காதீர்கள். அமுக்கினால் அது போகாது, உங்கள் பெயரோடு எண்ணிக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால், இன்னொருவரின் பிழைப்பையோ பொதுச் சொத்தையோ தொடுகிற ஓட்டு வந்தால், சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது தப்பு. நான் செய்த தப்பு அதுதான். அங்கே ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ அமுக்குவதோடு நிறுத்தாமல், கீழே ஒரு வரி எழுத வேண்டும்: ‘இதை முடிவு செய்ய நமக்கு அதிகாரம் இல்லை. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிடுங்கள், முறைப்படி அனுமதி கேளுங்கள்.’ ஒருவர் எழுதினால் போதும், இன்னும் நாலு பேர் எழுதுவார்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால், எழுதியது சாட்சியாக இருக்கும்.

திரும்பும் அன்று அத்தை மறுபடியும் போனைக் கொண்டு வந்தார்.

‘‘நான் போட்ட ஓட்ட மாத்த முடியுமா மக்கா?’’

பார்த்தேன். மாற்ற முடிந்தது. ‘ஆம்’ மீதிருந்த அடையாளத்தை எடுத்து ‘இல்லை’யில் வைத்தேன். 30-க்கு 8 ஆயிற்று.

அத்தை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னல் வழியாக முனையைப் பார்த்தார்.

‘‘அப்போ மரம்?’’