அழகு சான்றாகாது

பொதுநலச் சங்கம் ஒன்று தன் இணையதளத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தால் நடப்பது பெரும்பாலும் இதுதான்: வடிவமைப்பாளர் இரண்டு மூன்று மாதிரிகளைக் கொண்டுவருகிறார், செயற்குழு கூடிப் பார்க்கிறது, பலருக்கும் பிடித்தது தேர்வாகிறது. பார்க்க நன்றாக இருந்தால் பயன்படுத்தவும் எளிதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை தவறானது. சந்தாவைப் புதுப்பிக்கவும், நன்கொடைக்கு ரசீது பெறவும், அவசரத்துக்கு ரத்தம் தேடுபவருக்கு உரிய தொலைபேசி எண் கிடைக்கவும்தான் சங்கத்துக்கு இணையதளம். அந்த வேலைகள் முடிகின்றனவா என்பதைச் செயற்குழுவின் பாராட்டு சொல்லாது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1995இல் மசாக்கி குரோசு, காவோரி காஷிமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏடிஎம் திரையின் 26 வடிவங்களை 252 பேரிடம் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு அழகு, எவ்வளவு எளிது என்று மதிப்பிடச் சொன்னார்கள். எளிது என்று மக்கள் கருதியது, திரையின் உண்மையான வசதியைவிட அதன் அழகோடுதான் நெருங்கிப் பொருந்தியது. 1997இல் நோம் டிராக்டின்ஸ்கி இஸ்ரேலில் இதே ஆய்வைச் செய்தபோது அந்தப் பொருத்தம் இன்னும் வலுவாகவே தெரிந்தது. கண்ணுக்குப் பிடித்ததை எளிதென்று எண்ணுவது மனித இயல்பு. செயற்குழுவுக்கு இன்னொரு தடையும் உண்டு: சங்கத்தின் உள்ளமைப்பு அவர்களுக்கு அத்துப்படி. அதனால் துணைக்குழுக்களின் பெயர்களே மெனுவில் வரிசையாக நிற்கும். மண்டபம் முன்பதிவு செய்ய வருபவருக்கு அது எந்தத் துணைக்குழுவின் பொறுப்பு என்று எப்படித் தெரியும்?

எனவே கருத்துக் கேட்பதை விட்டு, செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில், ஜேக்கப் நீல்சனும் ரால்ஃப் மோலிச்சும் 1990இல் முன்வைத்த முறைப்படி, சிலர் தனித்தனியே தளத்தைப் பொதுவான விதிகளோடு ஒப்பிட்டுக் குறைகளைப் பட்டியலிடலாம். வெளிப்படையான பிழைகள் அதிலேயே பிடிபடும். அவற்றைத் திருத்தியபின் உறுப்பினர்களையும் புதியவர்களையும் அழைத்து, அவரவர் கைபேசியிலேயே ஒரு வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். மனத்தில் ஓடுவதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். நாம் உதவாமல், எங்கே தயங்குகிறார்கள், எதைத் தவறாக அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய சங்கத்துக்கு இதற்கெல்லாம் பணம் ஏது என்பார்கள். நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் தந்த கணக்கின்படி, ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்படும். ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம். இதற்கு மறுப்பும் வந்தது: 2001இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய விற்பனைத் தளங்களை ஆராய்ந்தபோது முதல் ஐந்து பேரிடம் 35 சதவீதமே வெளிப்பட்டது. மறுப்பு நியாயமானது. ஆனால் அது மேலும் சோதிக்கச் சொல்கிறதே தவிர, சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மீண்டும் ஐந்து பேரைச் சோதிப்பதே வழி. மூத்த உறுப்பினர்களுக்கு இணையம் பழக்கமில்லை என்பதும் விலக்குக்குக் காரணமாகாது. அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அழகே வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அது நம்பிக்கை தரும், வருபவரை இருத்தும். ஆனால் தேடி வந்தது கிடைக்காவிட்டால் அவர் போய்விடுவார்.

ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் மாதிரிகளை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். ஐந்து உறுப்பினர்களிடம் அவற்றைக் கொடுத்துச் சந்தா கட்டச் சொல்லுங்கள். அவர்களால் கட்ட முடிந்த மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.