அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடுமா?

பையன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான், கூடாத சேர்க்கை, பத்தாவதில் தவறிவிட்டான். ஏன் என்று தெருவில் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “அம்மாக்காரி வேலைக்குப் போயிடறா, பார்த்துக்க ஆளில்லை.” ஆசிரியர் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், பட்டிமன்ற மேடையில் கைதட்டலுக்கு நடுவே சொல்கிறார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே அதை நம்பி, இரவில் தூக்கம் வராமல் கிடக்கிறாள். அப்பன் வேலைக்குப் போனதால் பிள்ளை கெட்டது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழைத் தாய் வேலைக்குப் போகாத காலம் எது? நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள் வரப்போர மரக்கிளையில் தூளி கட்டித்தான் பிள்ளையைத் தூங்கவைத்தாள். “வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்” என்று எந்தப் பண்ணையாரும் அவளை அனுப்பிவைக்கவில்லை. தாய் வீட்டோடு இருப்பது, ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தவர்களின் வழக்கம். அந்த வசதியைத் தாய்மைக்கு இலக்கணமாக்கி ஏழையை அளப்பது அநியாயம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாயின் நாளைப் பாருங்கள். காலையிலேயே உள்ளே போக வேண்டும். சரக்கு அனுப்பும் அவசரம் என்றால் ‘ஒன்றரை ஷிப்ட்’. வெளியே வர இரவாகிவிடும். மாட்டேன் என்றால் நாளைய வேலை நிச்சயமில்லை. பீஸ் ரேட் என்றால் எழுந்து தண்ணீர் குடிக்கும் நேரமும் கூலியில் கழியும். அங்கன்வாடியோ சாயங்காலத்துக்குள் பூட்டிவிடும். அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கதி. இல்லாவிட்டால் பள்ளிவிட்டு வந்த மூத்த மகள். வீடு திரும்பியவளுக்கு அடுப்பும் துணியும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டிருந்தார்கள். அதில் கைவைத்த ஆண்கள் 97 நிமிடம். இத்தனைக்கும் பிறகு அவள் பிள்ளைமேல் எரிந்து விழுந்தால், அதற்கு அவள் சம்பாதிக்கப் போனது காரணமில்லை. அவளைப் பிழிந்தெடுக்கும் நேரமும் கூலியும்தான் காரணம்.

சம்பாத்தியம் அவளுக்கு என்ன தருகிறது என்பதையும் பேச வேண்டும். குடிக்கிற புருஷனிடம் கையேந்தாமல் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தர முடிகிறது. மதியச் சோற்றை நாலு பேரோடு பகிர்ந்து, மனதில் இருப்பதைக் கொட்ட முடிகிறது. குழுக் கடன் தவணைக்கு வழியில்லாமல் ஒற்றை அறைக்குள் அடைந்து கிடப்பவளுக்கு எந்த நிம்மதி மிஞ்சும்? அவள் வீட்டில் இருப்பதாலேயே பிள்ளை செழித்துவிடாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஏழைப் பகுதிகளில் 1994-இல் ‘நியூ ஹோப்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வாரம் 30 மணிநேரம் வேலை செய்தவர்களுக்குக் கூடுதல் வருமானம், குழந்தைக் காப்பகச் செலவு, மருத்துவ உதவி மூன்றும் கிடைத்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், படிப்பிலும் நடத்தையிலும் முன்னேறியதை ஆசிரியர்களே பதிவுசெய்தார்கள். அம்மாக்கள் வேலையை விடவில்லை. வேலையைச் சுற்றி ஆதரவு இருந்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-இலேயே எழுதிவிட்டார்கள்; 1976-இல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கெல்லாம் அதைக் கட்டாயமாக்கினார்கள். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். பெயருக்கு ஒரு அறையைக் காட்டிவிட்டுப் பூட்டிவைக்கும் முதலாளியால் பிள்ளை கெட்டது என்று தெருவில் யாராவது பேசுகிறார்களா? பத்துப் பதினைந்து பேர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளும் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பாரத்தைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. விடியற்காலை அடுப்படிப் பதற்றம் அந்த அளவுக்குக் குறைந்தது. அதே மனசோடு அங்கன்வாடியை ஷிப்ட் முடியும்வரை திறந்துவையுங்கள். காப்பகம் நடத்தாத கம்பெனிக்கு அபராதம் போடுங்கள். வேலைநாள் காலையில் பெற்றோர் கூட்டம் வைத்து, ஒருநாள் கூலியை இழக்க முடியாமல் வராத தாயைப் பொறுப்பில்லாதவள் என்று குறித்துக்கொள்ளும் பள்ளிகள், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றட்டும். அப்பாவும் வர வேண்டும் என்று அழைப்பில் எழுதட்டும்.