சினை பிடிக்காததற்கு மாடு மட்டும்தானா காரணம்?

சினை ஊசி போட்ட மாடு, 21 நாள் கழித்து மறுபடியும் கத்துகிறது. மூன்று முறை இப்படியானால் 'மலட்டு மாடு' என்று சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். ஊசி போட்ட நேரம் தவறியிருக்கலாம். தீவனக் குறையும் இருக்கலாம். காளையின் பக்கமும் குறை இருக்கலாம் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களில் விந்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கப்படுகிறது. உறைநிலையிலிருந்து எடுத்தபின் பாதி அணுக்களாவது நீந்த வேண்டும் என்பது விதி. ஆனால் நன்றாக நீந்தும் அணுவிலும் டி.என்.ஏ. இழை அறுந்திருக்கலாம். அதனால் கரு தரித்தாலும் சில நாளில் அழிந்துவிடக்கூடும். மாட்டுக்காரருக்குத் தெரிவதோ, மாடு மீண்டும் பருவத்துக்கு வந்தது மட்டுமே.

இந்தச் சேதத்துக்கு வெப்பம் ஒரு முக்கியக் காரணம். காளையின் விதைகள் உடலைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அணு உருவாகச் சுமார் 60 நாள் ஆவதால், கோடையின் கேடு கோடை கழிந்த பிறகும் தொடரும்.

சேதத்தை அளக்கும் வழியை அமெரிக்க விஞ்ஞானி டொனால்டு ஈவன்சன் குழுவினர் 1980-லேயே வெளியிட்டனர். நீச்சலோடு இதையும் சோதித்துக் காளைகளைத் தேர்ந்தெடுப்பதும், கோடையில் கொட்டகையைக் குளிர்ச்சியாக வைப்பதும் அவசியம். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறு நஷ்டமல்ல.